மயிலாப்பூரில் பழைய வீடு வாங்குவதற்கு முன்

மயிலாப்பூரில் வீடு பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் வருகிறார்கள். கபாலீஸ்வரரைக் கும்பிட்டு, காபி குடித்து, மாட வீதியை ஒரு சுற்று சுற்றிவிட்டுத் தரகரோடு வீட்டுக்குள் நுழைகிறார்கள். முற்றத்தில் வெயில் விழுந்து கிடப்பதைப் பார்த்ததும் மனசு அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது. நாங்களும் அப்படித்தான் ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுக்கக் கிளம்பினோம். கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி பத்திர நகலை மறுபடி படித்தபோது, கடைசிப் பக்கத்துச் சொத்து விவரத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது: தேவஸ்தான மனையில் கட்டியுள்ள மேல்கட்டடம் மட்டும். ஒரு மாதமாகப் பேசிக்கொண்டிருந்தும் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. நாங்கள் வாங்க இருந்தது செங்கல்லும் மரமும்தான். மண் கோயிலுடையது.

அதற்குப் பிறகு மூன்று வருடம் இங்கேயே வாடகைக்கு இருந்து, சித்திரகுளம் பக்கத்தில் 16 அடி அகலமும் 92 அடி நீளமும் உள்ள ஒரு பழைய வீட்டை வாங்கினோம். அந்த மூன்று வருடத்தில் கற்றுக்கொண்டதை, புதிதாக வருகிறவர்களுக்கு வரிசைப்படி எழுதுகிறேன்.

முதலில் ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள்

பதினோரு மாத ஒப்பந்தம் வழக்கம் என்றாலும் ஒரு முழு வருடச் சுற்று இருந்து பாருங்கள். இந்த ஊர் மாதத்துக்கு மாதம் வேறாகிவிடும். பங்குனிப் பெருவிழாவின் பத்து நாளும் மாட வீதிகளில் வண்டி ஓடாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஏழாம் நாள் தேர், எட்டாம் நாள் அறுபத்துமூவர். அந்த இரண்டு நாளும் வீட்டில் முடியாதவர் இருந்தால் ஆம்புலன்ஸ் எந்தச் சந்து வழியாக வரும் என்பதை முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும். தைப்பூசத்தை ஒட்டி மூன்று நாள் தெப்பம். நவராத்திரிக்கு வடக்கு மாட வீதி முழுக்கக் கொலு பொம்மைக் கடை. மார்கழியில் விடியற்காலையிலேயே பஜனை. இதெல்லாம் பிடித்துத்தான் இங்கே வருகிறோம். ஆனால் பார்க்க வருவது வேறு, இதற்கு நடுவில் காலை எட்டரைக்குப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ஆபீஸ் போவது வேறு.

கார்த்திகை மழையில் அந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கிறது, மே மாதம் கிணற்றில் எத்தனை அடி தண்ணீர் கிடக்கிறது என்பதைத் தரகரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வற்றிப்போனபோது லாரியை நம்பி இருந்த வீடு எது, கிணற்றை நம்பி இருந்த வீடு எது என்று எதிர்வீட்டுப் பாட்டியைக் கேளுங்கள். வீட்டு எண்ணோடு சொல்வார்.

வாடகைச் சட்டம் மாறியிருக்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டப்படி எழுத்து மூலம் ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், குடியிருப்புக்கு முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. பழைய வழக்கப்படி பத்து மாதம் கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சட்டத்தை எடுத்துச் சொன்னால் பல பேர் இறங்கி வருகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். "வெஜிடேரியன் மட்டும்" என்ற சொல்லை நீங்கள் இங்கே அடிக்கடி கேட்பீர்கள். பல நேரம் அது சாப்பாட்டைப் பற்றிய கேள்வியே இல்லை, நீங்கள் யார் என்று கேட்கும் கேள்வி. எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஏனென்றால் மயிலாப்பூர் என்பது நான்கு மாட வீதி மட்டுமில்லை. கச்சேரி ரோட்டில் மசூதி இருக்கிறது, அந்த ரோட்டின் கிழக்குக் கோடியில் சாந்தோம் பேராலயம், அதைத் தாண்டினால் மீனவர் குப்பங்கள். இவர்கள் எல்லாரும் தலைமுறை தலைமுறையாக இந்த ஊர்க்காரர்கள். ஒரு தெருவில் மூன்று வீட்டுக் கதவு மூடினால் ஊரே மூடிவிட்டது என்று நினைக்காதீர்கள். முண்டகக்கண்ணி அம்மன் கோயில் பக்கம், சாந்தோம் பக்கம், லஸ் பக்கம் என்று நடந்து தேடுங்கள்.

தெருவை நடந்து தெரிந்துகொள்வது

மாட வீதியிலேயே வீடு வேண்டுமா, ஒரு தெரு தள்ளி வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மாட வீதியில் தரைத்தளம் எல்லாம் கடையாகிவிட்டது. குடியிருக்க, என்னைக் கேட்டால் இரண்டு தெரு தள்ளித்தான் சொல்வேன். தண்ணித்துறை மார்க்கெட்டுக்கு நடந்தே போய்விடலாம், தேரும் நடக்கும் தூரம், ராத்திரி தூக்கமும் வரும்.

பக்கிங்காம் கால்வாயும் அதன் மேலே பறக்கும் ரயிலும் போகும் ஓரத்தில் வீடு மலிவாகக் கிடைக்கும். மழைக்காலத்தில் ஒரு தடவை போய்ப் பார்க்காமல் அங்கே கை வைக்காதீர்கள். திருமயிலையில் மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் 3, 4 ஆம் வழித்தடங்கள் சந்திக்கும் சுரங்க நிலையம் வருகிறது. அதன் அருகில் வீடு பார்த்தால் சுவர்களில் விரிசல் இருக்கிறதா, எந்தத் தேதியில் தெரிய ஆரம்பித்தது என்று கேட்டு, தேதி தெரியும்படி நீங்களும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரைக் கூட்டிப்போங்கள்.

வண்டி நிறுத்த இடம் கிடையாது. பழைய வீட்டு வாசலில் கார் நிறுத்தலாம் என்று தரகர் காட்டும் இடம் மாநகராட்சியின் தெரு. பல வீடுகளின் கொல்லைப்புறத்தில் ஒரு குறுகலான சந்து ஓடும். மனிதக் கழிவைக் கையால் அள்ளவைத்த காலத்தில், அந்த வேலையைச் செய்யச் சபிக்கப்பட்டவர்கள் வீட்டுக்குள் வராமல் பின்வழியாக வருவதற்காக விட்டது அது. சில இடங்களில் அந்தச் சந்து இடத்தை இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் சேர்த்து வளைத்துக் குளியலறை கட்டியிருக்கிறார்கள். நீங்கள் வாங்கும் வீட்டின் பின்சுவர் எல்லைக்குள் இருக்கிறதா, சந்தில் இருக்கிறதா என்று சர்வேயரை வைத்து அளந்து பாருங்கள்.

மண் யாருடையது

இதுதான் இந்த ஊரில் முதல் கேள்வி. மயிலாப்பூரில் கோயிலுக்கும் மடங்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் சொந்தமான மனைகள் ஏராளம். தாத்தா காலத்தில் மாதம் சில ரூபாய்க்கு மனை வாடகை பேசி, அதன் மேல் சொந்தச் செலவில் வீடு கட்டிக் குடியிருந்தார்கள். வீடு அவர்களுடையது, அடிமனை கோயிலுடையது. இரண்டு மூன்று தலைமுறை போனதும் அந்த வேறுபாடு குடும்பப் பேச்சிலிருந்தே காணாமல் போய்விடுகிறது. விற்கிறவர் பொய் சொல்கிறார் என்று எப்போதும் சொல்ல முடியாது. அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

சட்டம் தெளிவாக இருக்கிறது. 1959 ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34 ஆம் பிரிவுப்படி, ஆணையர் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்றால் அது செல்லாது. பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 22-ஏ பிரிவு, அப்படிப்பட்ட பத்திரத்தைப் பதியவே கூடாது என்கிறது. சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் என்று 1921 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. வாடகை மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவர் நீதிமன்றம் போய் அடிமனையை விலைக்குக் கேட்கலாம் என்று அது வழி கொடுத்தது. சமய நிறுவன நிலங்களுக்கு அந்த வழியை 1996 ஆம் ஆண்டுத் திருத்தம் அடைத்துவிட்டது. "கோர்ட்டில் போட்டால் மனையும் நமக்கு வந்துவிடும் சார்" என்று இன்றைக்கும் சொல்கிற தரகர்கள் உண்டு. நம்பாதீர்கள்.

தெரிந்துகொள்வது எப்படி? நான்கு இடத்தில் பாருங்கள். விற்பவரின் பத்திரத்தில் சொத்து விவரத்தை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். மேல்கட்டடம், மனை வாடகை, தேவஸ்தானம், டிரஸ்ட் என்ற சொல் எங்கே வந்தாலும் நின்றுவிடுங்கள். பிறகு மயிலாப்பூர் வட்டத்தின் நகர நில அளவைப் பதிவேடு, பேச்சு வழக்கில் டி.எஸ்.எல்.ஆர். எக்ஸ்ட்ராக்ட் என்பார்கள். நகரத்துக்குள் பட்டா மாதிரி வேலை செய்வது இதுதான். பிளாக் எண்ணும் சர்வே எண்ணும் தெரிந்தால் இணையத்திலேயே எடுக்கலாம். உரிமையாளர் பெயர் இருக்கும் இடத்தில் கோயில் பெயர் இருந்தால் விஷயம் முடிந்தது. மூன்றாவது, பதிவுத்துறைத் தளத்தில் அந்தச் சர்வே எண்ணின் வழிகாட்டி மதிப்பு. பதியக்கூடாத நிலங்களுக்குப் பூஜ்யம் என்று போட்டிருப்பார்கள். கடைசியாக, சந்தேகம் இருந்தால் கோயில் செயல் அலுவலருக்கே எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுத்துக் கேட்டுவிடுங்கள். பதில் வரத் தாமதமாகும். வரும்வரை காத்திருங்கள்.

மேல்கட்டடம் மட்டும் மலிவாகக் கிடைக்கிறதே, குடியிருந்துவிட்டுப் போகிறோம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். வங்கி கடன் தராது. மனை வாடகையை இப்போது சந்தை மதிப்பை வைத்து உயர்த்துகிறார்கள், பாக்கியும் சேர்ந்து வரும். பெரிய ரிப்பேர் செய்யவும் கோயிலின் சம்மதம் வேண்டும். என் அபிப்பிராயத்தில், புதிதாக வருகிறவர் இதில் இறங்கக் கூடாது.

பத்திரத்தில் யார் யார் கையெழுத்து

மண் சரியாக இருந்தால் அடுத்தது ஆட்கள். பழைய வீடு என்றால் அண்ணன் தம்பி, அக்கா தங்கை, அவர்கள் பிள்ளைகள் என்று பத்துப் பன்னிரண்டு பேருக்குப் பங்கு இருக்கும். எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். விற்றவர்கள் மூன்று அண்ணன் தம்பிகள். தங்கைக்குக் கல்யாணத்தின்போதே எல்லாம் செய்தாகிவிட்டது, அவள் கையெழுத்து எதற்கு என்றார்கள். எங்கள் வக்கீல் அசையவில்லை. தமிழ்நாட்டில் 1989 திருத்தமே, அப்போது கல்யாணமாகாமல் இருந்த மகளுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் சம பங்கு கொடுத்துவிட்டது. 2005 மத்தியத் திருத்தமும், அதை விளக்கிய 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் கல்யாணமான மகளுக்கும் சேர்த்து அதை உறுதியாக்கின. அப்பாவின் தனிச் சொத்தாக இருந்து உயில் இல்லாமல் அவர் போயிருந்தால், மகளும் நேரடி வாரிசு. கடைசியில் அந்த அம்மா கோயம்புத்தூரிலிருந்து ரயிலேறி வந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு, பழைய ஊஞ்சல் மாட்டியிருந்த கொக்கியை ஒரு நிமிடம் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். அவர் பங்குப் பணம் அவர் கணக்கிலேயே போனதில் எனக்கு இன்றுவரை நிம்மதி.

வில்லங்கச் சான்றிதழ் முப்பது வருடத்துக்குப் போதும் என்பார்கள். இங்கே போதாது. இணையத்தில் 1975 வாக்கிலிருந்து எடுக்கலாம். அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் கையால் தேடச் சொல்லி வாங்குங்கள். பத்திரங்களின் சங்கிலியில் நடுவே உயில் வந்தால் புரொபேட், அதாவது உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று, இருக்கிறதா என்று பாருங்கள். சென்னை நகர எல்லைக்குள் உள்ள சொத்துக்கு இந்துக்கள் எழுதிய உயிலை உயர் நீதிமன்றத்தில் புரொபேட் செய்ய வேண்டும் என்பது நெடுங்காலம் இருந்த விதி. அதைச் செய்யாமல் கைமாறிய வீடுகள் இந்தத் தெருக்களில் நிறைய.

மயிலாப்பூர்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் அமெரிக்காவில் இருப்பதால் பவர் பத்திரம் கட்டாயம் வரும். அங்கே இந்தியத் தூதரகத்தில் சான்றளித்து, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியிருக்க வேண்டும். பதிவு செய்யும் நாளில், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற ஆயுள் சான்றும் கேட்பார்கள். விமான டிக்கெட் போடுவதைவிட இதற்கு அதிக நாள் பிடிக்கும். முன்பணம் கொடுக்கும் முன்பே இந்தத் தாள்களைக் கேளுங்கள்.

வீட்டில் வாடகைக்காரர் இருந்தால், அவர் காலி செய்து சாவி உங்கள் கைக்கு வரும் நாளும் பதிவு நாளும் ஒன்றாக இருக்கட்டும்.

கட்டடத்தைத் தட்டிப் பார்ப்பது

இந்த வேலைக்கு ஒரு டார்ச், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஏணி. கூடவே சுண்ணாம்பு வேலை தெரிந்த வயதான மேஸ்திரி ஒருவர். சிமெண்டு மட்டும் தெரிந்தவரைக் கூட்டிப்போகாதீர்கள், எல்லாவற்றையும் இடித்துவிடலாம் என்றுதான் சொல்வார்.

திண்ணை, ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், அடுக்களை, கொல்லைக் கிணறு என்று நேர்கோட்டில் போகும் வீடுகளில் கூரை பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அதன் மேல் மெல்லிய சிறு செங்கல்லைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து இடித்து, தட்டோடு பதித்திருப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைச் சுண்ணாம்பில் சேர்ப்பார்கள். நூறு வருடம் ஆனாலும் இந்தத் தளம் நிற்கும், ஒரே ஒரு இடத்தைக் கவனித்தால்: கட்டை சுவருக்குள் நுழையும் முனை.

எங்கள் கூடத்தில் பதினேழு கட்டை. மேஸ்திரி ஏணியைச் சுவரோரம் சாத்தி ஒவ்வொன்றின் இரண்டு முனையிலும் விரல் முட்டியால் தட்டினார். நல்ல கட்டை 'ணங்' என்று சொல்லும். மேற்குச் சுவர் ஓரம் நான்காவது கட்டையில் சத்தம் அமுங்கியது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினார், இரண்டு அங்குலம் சும்மா உள்ளே போனது. வெளியே இழுத்தபோது நுனியில் காபிப்பொடி மாதிரி தூள் ஒட்டியிருந்தது. சுவரில் பெயின்டுக்கு அடியில் விரல் தடிமனுக்கு ஒரு மண்கோடு ஓடியதை அப்போதுதான் கவனித்தோம். கரையான். அது எங்கிருந்து ஏறியது என்று பின்தொடர்ந்து போனால், மாடியில் மழைத்தண்ணீர்க் குழாய் அடைத்து அந்தச் சுவர் ஊறிக் கிடந்தது. ஈரம் இருந்த இடத்துக்குத்தான் கரையான் வந்திருக்கிறது. மூன்று கட்டையை மாற்றினோம், குழாயைச் சரி செய்தோம், விலையில் அதற்கான தொகையைக் குறைத்துக் கேட்டு வாங்கினோம்.

சுவர்களில் கீழிருந்து மூன்றடி உயரத்துக்குப் பூச்சு உப்பிக் கொட்டினால், அங்கே யாராவது சுண்ணாம்புச் சுவர் மேல் சிமெண்டு பூசியிருப்பார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமெண்டு அதை அடைத்துவிடும். சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரையே பூச வேண்டும். டிஸ்டெம்பர், எமல்ஷனுக்குப் பதில் வெள்ளையடிப்பது சிறந்தது.

பக்கத்து வீட்டோடு சுவர் பொதுவா, தனித்தனியா? பத்திரத்தில் 'பொதுச்சுவர்' என்று எழுதியிருந்தால், பக்கத்து வீடு நாளைக்கு இடிபடும்போது உங்கள் கட்டைகளின் ஒரு முனை காற்றில் தொங்கும். பக்கத்துக்காரர் விற்கும் எண்ணத்தில் இருக்கிறாரா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். நீங்களே இடித்துக் கட்டும் எண்ணத்தில் வாங்கினால், 16 அடி அகல மனையில் இன்றைய விதிப்படி பக்கவாட்டில் எவ்வளவு இடம் விட வேண்டும், எத்தனை மாடி வரும் என்று வரைபடம் போடுபவரிடம் முதலிலேயே கேளுங்கள். உயர் நீதிமன்றம் அமைத்த நீதிபதி பத்மநாபன் குழுவின் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் அந்த வீடு இருந்தால், இடிக்கவோ முகப்பை மாற்றவோ சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வின் பாரம்பரியக் குழுவிடம் போக வேண்டும்.

கிணற்றைத் தூர்க்காதீர்கள். 2003 முதல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். மாடித் தண்ணீரை வடிகட்டிக் கிணற்றில் விடுவதுதான் இந்த மண்ணுக்குச் சுலபமான வழி. நாங்கள் அதைச் செய்து இரண்டாவது மழை பெய்த பிறகு கிணற்றுத் தண்ணீரில் உப்புக் கரிப்பு குறைந்ததை நாக்கிலேயே தெரிந்துகொள்ள முடிந்தது.

பழைய ஃபிளாட் என்றால்

தனி வீடு கைக்கு எட்டாதவர்களுக்கு 1980களில் கட்டிய மூன்று மாடி ஃபிளாட்டுகள் இருக்கின்றன. அதில் சதுர அடி விலையைப் பார்க்காதீர்கள், யூ.டி.எஸ்., அதாவது நிலத்தில் உங்கள் பிரிபடாத பங்கு, எவ்வளவு என்று பாருங்கள். ஒரே அளவான எட்டு ஃபிளாட் உள்ள ஒரு கிரவுண்டில், அதாவது 2,400 சதுர அடியில், உங்கள் பங்கு 300 சதுர அடி வரவேண்டும். மொட்டை மாடி உரிமையை ஒருவருக்கு மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். 2022 அடுக்குமாடிச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம். அதனால் அங்கே ஏற்கெனவே பில்டரோடு பேச்சு நடக்கிறதா என்று சங்கச் செயலாளரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

பணம்

மறுவிற்பனைக்கு முத்திரைத் தீர்வை 5%, மாற்று வரி 2%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 9%. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1% டி.டி.எஸ். பிடித்து நீங்கள்தான் வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் இருந்தால் இந்த 1% கணக்கு பொருந்தாது, பிடித்தம் அதிகம். ஆடிட்டரைக் கேட்காமல் காசோலை எழுதாதீர்கள். மிகப் பழைய கட்டடத்துக்கு வங்கிகள் உறுதிச் சான்று கேட்கும். கட்டடத்துக்கென்று தனியாகக் கொஞ்சம் பணம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கூரையில் ஓர் ஓட்டைத் திறந்தால் அதற்கு அடியில் இன்னொரு வேலை காத்திருக்கும்.

பதிவுக்குப் பிறகு

சொத்து வரி, மெட்ரோ வாட்டர், மின் இணைப்பு, டி.எஸ்.எல்.ஆர். நான்கிலும் பெயர் மாற்றம் செய்யுங்கள். கடைசியதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். கூரை வேலையைப் பங்குனியில் தொடங்கி ஆவணிக்குள் முடித்துவிடுங்கள், சுண்ணாம்பு ஆற நாள் வேண்டும்.

முதல் அறுபத்துமூவர் அன்றைக்கு வாசலில் மோர் வையுங்கள். மூன்று மணி வாக்கில் புறப்பாடு என்றாலும் பன்னிரண்டு மணிக்கே தெருவெல்லாம் கூட்டம் நிறைந்துவிடும், அந்த வெயிலில் நிற்பவர்கள் பாதிப் பேர் வெளியூரிலிருந்து வந்தவர்கள். ஓர் அண்டா ஒரு மணி நேரத்தில் காலியாகும். இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் தட்டிப்போட்டு இரண்டு அண்டா கரைத்துக்கொள்ளுங்கள், உப்பைக் கடைசியில் சேருங்கள். பிளாஸ்டிக் தம்ளர் வேண்டாம். எவர்சில்வர் தம்ளர் போதவில்லை என்றால் பக்கத்து வீட்டில் கேளுங்கள், எங்களுக்கு அப்படித்தான் பக்கத்து வீட்டோடு பேச்சு தொடங்கியது.